தண்ணீருக்குள் தாகம்

“தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலை வாடிச் சுருங்கிக்கொண்டே போகிறது. இன்னும் எவ்வளவு ஊற்ற வேண்டும்?”

ஆர்க்கிட் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான். கேட்பவரின் ஊர் மட்டும் மாறும். ஒரு வாரம் கிள்ளானிலிருந்து வரும், அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து வரும். கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் ஒரு தொட்டியை வைத்து எடுத்து வந்தவர்கள் நிறையப் பேர். மலையிலேயே குடியிருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தினமும் ஊற்றுவதால்தான் வாடுகிறது. வேர் அழுகிவிட்டால் செடியால் தண்ணீரைக் குடிக்க முடியாது. தொட்டி நிறைய ஈரம் இருக்கும், செடி மட்டும் தாகத்தில் இருக்கும். தாகத்தில் வாடும் இலையும் வேர் அழுகியதால் வாடும் இலையும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம். மிச்சம் இருக்கும் நல்ல வேரும் அழுகும். வீட்டு ஆர்க்கிட்டுகளில் பல இப்படித்தான் போகின்றன, அதுவும் அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் வீடுகளில்.

வேர் போன ஆர்க்கிட் எல்லாமே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சரியாகக் கவனித்தால் பலவற்றை மீட்கலாம். எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம். கடைகளில் அதிகம் விற்கும் ஃபலனாப்சிஸ் வகையை வைத்துத்தான் சொல்கிறேன். அகன்ற தடித்த இலையும், வளைந்த தண்டில் வரிசையாகப் பட்டாம்பூச்சி உட்கார்ந்தது போன்ற பூவும் உள்ள செடி அது.

மரத்தில் வாழும் வேர்

ஃபலனாப்சிஸ் மண்ணில் வாழும் செடி இல்லை. தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுத் தாவரம். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை, நிற்க இடம் மட்டும்தான் கேட்கிறது. நம் சரவாக் மாநிலத்தின் மலரான நோர்மா ஆர்க்கிட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

மரக்கிளையில் வேர் வெளியே தெரியும்படி ஓடும். மழை பெய்தால் நனையும். மழை விட்டதும் காற்று பட்டுக் காயும். அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி வேரின் மேலே பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. அதற்கு வெலாமன் என்று பெயர். செத்த செல்களால் ஆன உறை அது. மழைத்துளி பட்டதும் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் உயிருள்ள வேருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளி நிறத்தில் தெரியும். நனைந்ததும் பச்சையாகும். காரணம், ஈரத்தில் உறை கண்ணாடி போலாகி உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது.

அந்தப் பஞ்சு எந்நேரமும் நனைந்தே இருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் வேருக்குக் காற்று போகாது. வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். அது கிடைக்காத வேர் முதலில் மூச்சுத் திணறிச் சாகிறது. பூஞ்சணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே பூஞ்சண மருந்தை வாங்கித் தெளித்துவிட்டு, ஈரத் தொட்டியை அப்படியே விட்டுவைத்தால் பலன் இல்லை.

இதில் நாம் மட்டும் தடுமாறவில்லை. 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஆர்க்கிட் மோகம் பிடித்திருந்த காலத்தில், கப்பல் கப்பலாக வந்த செடிகளைக் காற்றோட்டமே இல்லாத கண்ணாடி அறைகளில் வெப்பமும் நீராவியுமாக வைத்து அழுகவிட்டார்கள். வெப்பமண்டலச் செடி என்றால் வெந்நீர்க் குளியல் போல இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் கண்ணாடி அறைக்குள் காற்றை வரவிட்டு, ஒவ்வொரு செடிக்கும் அதன் சொந்த ஊர்ச் சூழலைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் செடிகள் பிழைத்தன.

மலைக்கு ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

“வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள்” என்று கடைக்காரர் சொல்லி அனுப்புவார். எந்த ஊரில் வைப்பதற்கு என்பதைப் பொறுத்துத்தான் அது சரியா தவறா என்று சொல்ல முடியும்.

கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி வரை போகும். காற்றோட்டமுள்ள பால்கனியில் வைத்த சிறு தொட்டி இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது குறைவு. இரவில் 16, 17 டிகிரிக்கு இறங்கும். அதிகாலையில் பனிமூட்டம், பிற்பகலில் மழை. அதே தொட்டி, அதே பாசி, ஆனால் காய்வதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஃபலனாப்சிஸ் அடிப்படையில் தாழ்நிலத்து வெப்பத்துக்குப் பழகிய செடி. அது வேர் விடுவதற்குக் கதகதப்பு வேண்டும், 25 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் பூத்தண்டு விடுவதற்குக் குளிர் வேண்டும். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் தொடர்ந்து இறங்கினால்தான் செடி பூக்க ஆரம்பிக்கும். வணிக முறையில் வளர்ப்பவர்கள் இந்த இரண்டையும் வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். வளரும் வரை வெப்பத்தில் வைத்திருப்பார்கள், பூக்க வேண்டிய நேரத்தில் குளிருக்கு மாற்றுவார்கள்.

இதனால்தான் கேமரன் மலையில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். அடியில் வேர் அழுகிக்கொண்டிருக்கும், மேலே புதுப் பூத்தண்டு வந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் செடி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். குளிர் பூவைக் கொடுக்கும், வேரைக் கொடுக்காது.

ஒரு தோட்டத்து வீட்டில்

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் இப்படியொரு செடியைச் சென்ற ஆண்டு பார்த்தேன். அந்த வீட்டு அம்மா 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். மகள் கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் கீ பார்ம் சந்தையில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஆர்க்கிட் அது. வீட்டின் முன்னறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

இலைகள் நான்கும் தோல் போலச் சுருங்கியிருந்தன. ஆனால் நடுவிலிருந்து ஒரு பூத்தண்டு வந்து, ஏழு மொட்டு விட்டிருந்தது. தீபாவளிக்கு மகள் வரும்போது பூத்திருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை.

“எல சுருங்குதே தம்பி. தண்ணி பத்தலனுதான் நெனச்சேன். காலையில ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர் ஊத்துறேன்” என்றார்.

அழகான பீங்கான் சாடிக்குள் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. சாடியின் அடியில் ஓட்டை இல்லை. மூன்று விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. செடியை வெளியே எடுத்ததும் புளித்த வாடை. வேர்களை விரலால் தொட்டால் உறை கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சியது. பத்துப் பதினைந்து வேரில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் சுண்டுவிரல் நீளம்.

அழுகிய வேரை எல்லாம் வெட்ட வேண்டும் என்றேன். சரி என்றார். பூத்தண்டையும் வெட்ட வேண்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“பூவயா வெட்டச் சொல்றீங்க?”

ஏழு பூ மலர்ந்து நிற்க வேண்டுமானால் அதற்கான தண்ணீரும் சத்தும் எங்கிருந்தாவது வர வேண்டும். வேர் இல்லாத செடியில் அது இலையிலிருந்துதான் வரும். இலையில் மிஞ்சியிருப்பது வேர் விடுவதற்கே போதுமா என்று தெரியாத நிலை. பூவையும் வைத்துக்கொண்டு செடியையும் காப்பாற்றுவது அநேகமாக நடக்காது. இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கவாத்து மாதிரின்னு சொல்லுங்க” என்றார்.

தேயிலைக்காரர்களுக்குக் கவாத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குச் செடி செத்துவிட்டது போல இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் புதுத் துளிர் வரும். இலையே இல்லாத செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? வேரிலிருந்து. தேயிலை தன் மாவுச்சத்தை வேரில் சேர்த்து வைக்கும். அதனால்தான் கவாத்துக்கு முன் வேரைக் கொஞ்சம் வெட்டி, அயோடின் தடவிப் பார்க்கும் வழக்கம் தேயிலைத் தொழிலில் இருக்கிறது. கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம் என்று அர்த்தம்.

ஆர்க்கிட் இதற்கு நேர் எதிர். ஃபலனாப்சிஸின் சேமிப்பு அந்தத் தடித்த இலையில் இருக்கிறது. தேயிலை இலையை இழந்து வேரால் பிழைக்கும். ஆர்க்கிட் வேரை இழந்து இலையால் பிழைக்கும். ஆகவே ஆர்க்கிட்டில் வெட்ட வேண்டியது அழுகிய வேரையும் பூத்தண்டையும்தான். பச்சையாக இருக்கும் இலையில், அது எவ்வளவு சுருங்கியிருந்தாலும், கை வைக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்திலும் தேயிலை நமக்கு உதவும். கேமரன் மலையில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் தேயிலை சரிவில்தான் நிற்கிறது. நீர் தேங்காமல் ஓட வடிகால் வெட்டி வைத்திருக்கிறார்கள். மழை வேண்டும், ஆனால் வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு இது தெரியாத பாடம் இல்லை. அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் சாடிதான் அதை மறைத்துவிட்டது.

கடைசியில் பூத்தண்டை வெட்டியது நான் இல்லை. கத்தரிக்கோலை வாங்கி அவரே வெட்டினார். வெட்டிய தண்டை ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். பெரிய மொட்டு மூன்று அதிலேயே மலர்ந்ததாக அடுத்த வாரம் சொன்னார்கள். வெட்டிய பூ வீண் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். பாசி இறுகியிருந்தால் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகப் பிரித்து எடுங்கள். வேர்களைக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர், நிறம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தாலும் பரவாயில்லை. வெளிச்சம் படாமல் பாசிக்குள் இருந்த வேர் அப்படித்தான் இருக்கும். கொழகொழவென்று நசுங்கினாலும், உள்ளே வெறும் காற்றாக இருந்தாலும் அது போன வேர். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், விரலை நம்புங்கள்.

அடுத்து வெட்டுதல். கத்தரிக்கோலின் முனையை அடுப்புத் தீயில் நன்றாகக் காட்டி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு செடியை முடித்து அடுத்த செடிக்குப் போகும்போது மறுபடியும் தீயில் காட்டுங்கள். ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ்கள் கத்தரிக்கோல் வழியாகத்தான் செடி விட்டுச் செடி பரவும். அவற்றுக்கு மருந்து கிடையாது. அழுகிய வேரை நல்ல பகுதி தெரியும் வரை வெட்டுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலறையில் இருக்கும் பட்டைத் தூளைக் கொஞ்சம் தொட்டு வைக்கலாம். அது வெட்டுக்காயத்தைக் காயவைக்கும். நல்ல வேரின் மேல் தூவினால் அதையும் காயவைத்துவிடும், கவனம்.

பிறகு செடியை நிழலில், காற்று படும் இடத்தில் ஒரு நாள் அப்படியே வையுங்கள். ஒரு நாள் வெறும் வேரோடு கிடப்பதால் ஆர்க்கிட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இனி செடியில் எத்தனை வேர் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வழி.

மூன்று நான்கு நல்ல வேர் இருந்தால், வேர் மட்டும் கொள்ளும் அளவுக்குச் சிறிய, பக்கவாட்டிலும் ஓட்டையுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம், அது காயாது. மலையில் இருப்பவர்கள் மரக்கரித் துண்டும் பைன் மரப்பட்டைத் துண்டும் கலந்து போடுங்கள், பாசியைத் தவிர்த்துவிடுங்கள். கீழே வெப்பமான ஊர்களில் இருப்பவர்கள் இதோடு கொஞ்சம் பாசியோ தேங்காய் மட்டைத் துண்டோ சேர்க்கலாம். மட்டைத் துண்டை ஓரிரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும்.

வேரே இல்லை, அல்லது ஒன்றே ஒன்றுதான் என்றால் தொட்டி இப்போதைக்கு வேண்டாம். மூடியுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் ஈரப் பாசியைப் பரப்புங்கள். பாசியைக் கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்த அளவு ஈரம் போதும். அதன் மேல் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, செடியின் அடிப்பாகம் பாசியில் படாதபடி கிண்ணத்தின் மேல் சாய்த்து வையுங்கள். பெட்டியை மூடிவிடுங்கள். உள்ளே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலை மேலும் நீரை இழக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து சிறிது நேரம் காற்று வாங்கவிடுங்கள்.

பெட்டிக்கு வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மூடிய பெட்டியில் வெயில் பட்டால் அரை மணி நேரத்தில் செடி வெந்துவிடும். கேமரன் மலையில் இரவுக் குளிர்தான் பிரச்சினை. ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். சமையலறையில், சூடு தங்கும் ஒரு மூலையில் வையுங்கள். அந்த அம்மா குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தார், நல்ல இடம்.

வேர் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று பலர் கேட்பார்கள். மாதக்கணக்கில் தாங்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து நீரை இழக்கும். ஃபலனாப்சிஸ், நம் அன்னாசியைப் போல, பகலில் அவற்றை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அந்தச் சிக்கனம்தான் நமக்குக் கிடைக்கும் கால அவகாசம்.

செய்யக் கூடாதவை

அரிசி கழுவிய தண்ணீர் வேண்டாம். நம் வீடுகளில் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் ஊற்றிப் பழக்கம். வேர் அழுகிய ஆர்க்கிட்டுக்கு ஊற்றினால் அது புளித்து, சிறு கொசு போன்ற பூச்சிகளைக் கூட்டிவரும். தேயிலைச் சக்கையும் வேண்டாம். மலை வீடுகளில் டீ வடிகட்டியதை அப்படியே தொட்டியில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்க்கிட் தொட்டியில் அது காற்று போகும் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும்.

உரம் வேண்டாம். வேர் இல்லாத செடிக்கு உரம் போடுவது, வயிறு கெட்டவருக்குப் பிரியாணி வைப்பது மாதிரி. புது வேர் ஒரு விரல் நீளம் வளர்ந்த பிறகு, பொட்டலத்தில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கு கலந்து கொடுத்தால் போதும்.

இலை மேல் ஓயாமல் தண்ணீர் தெளிப்பதால் செடியின் தாகம் தீராது. இலை வழியாக அது குடிப்பது மிகக் குறைவு. இலைகள் சேரும் நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும், அதோடு கதை முடிந்தது. தெரியாமல் விழுந்தால் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

கடைசியாக, தினமும் வெளியே எடுத்து வேர் வந்துவிட்டதா என்று பார்க்காதீர்கள். புது வேரின் நுனி கண்ணாடி போல மென்மையானது. பெட்டியில் இடித்தால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

எப்போது தண்ணீர்?

வேர் பிடித்துத் தொட்டிக்கு மாறிய பிறகு, நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைத்த அன்று எவ்வளவு கனம், காய்ந்த பிறகு எவ்வளவு கனம் என்பது ஓரிரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஒளி ஊடுருவும் தொட்டியில் இன்னும் சுலபம். வேர் பச்சையாக இருந்தால் பொறுங்கள், வெள்ளியாகிவிட்டால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் வழிந்து ஓடும்படி நன்றாக ஊற்றி, முழுவதும் வடியவிட்டு, அதன் பிறகே அலங்காரச் சாடிக்குள் வையுங்கள். காலையில் ஊற்றுங்கள், இரவுக் குளிருக்குள் ஓரளவு காய்ந்திருக்கும்.

எப்போது கைவிடுவது?

எல்லாச் செடியும் பிழைக்காது. நடுக் குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால், செடிக்கு மேல்நோக்கி வளர வழி இல்லை. அப்போதும் அடித்தண்டு கெட்டியாக இருந்தால் பக்கத்திலிருந்து ஒரு குட்டிச்செடி கிளம்பக்கூடும், ஒரு மாதம் பார்க்கலாம். அடித்தண்டை வெட்டிப் பார்த்து உள்ளே முழுவதும் பழுப்பாக இருந்தால், மற்ற செடிகளுக்கு நோய் பரவாமல் அப்புறப்படுத்திவிடுவதே நல்லது. யார் வாங்கிக் கொடுத்த செடியாக இருந்தாலும் இதுதான் நிலை. செடி போனால் கொடுத்தவரின் அன்பு போய்விடாது.

பிழைக்கும் செடி மெதுவாகத்தான் பிழைக்கும். ரிங்லெட் செடியில் முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. அடியிலை ஒன்று மஞ்சளாகி விழுந்தது. அந்த அம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்து, “வேற ஒன்னு வாங்கிக் குடுத்துடவா?” என்று கேட்டார். உங்கள் அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நான்காவது மாதம் இலைக்கும் தண்டுக்கும் இடையில் மிளகு அளவில் ஒரு பச்சை முனை தெரிந்தது. இப்போது இரண்டு புது வேரும் ஒரு சிறிய இலையும் இருக்கின்றன. பழைய இலைகளின் சுருக்கம் முழுவதும் போகவில்லை, அது போகவும் போகாது. புது இலை சுருக்கமில்லாமல் வந்தால் அதுதான் வெற்றி. மறுபடி பூக்க இன்னும் ஓராண்டு, ஏன், இரண்டு ஆண்டுகூட ஆகலாம்.

வாங்கும்போதே கவனியுங்கள்

பிரிஞ்சாங்கிலோ கீ பார்மிலோ ஆர்க்கிட் வாங்கும்போது பூவைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். அலங்காரச் சாடியிலிருந்து உள்தொட்டியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் கெட்டியாக, வெள்ளியாகவோ பச்சையாகவோ தெரிகிறதா, கீழே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பூ குறைவாக இருந்தாலும் வேர் நன்றாக உள்ள செடியே மேல். மொட்டு அதிகமுள்ள செடியைவிட, பாதி மலர்ந்த செடி பயணத்தைத் தாங்கும். மலையிலிருந்து தாப்பா வழியாகக் கீழே இறங்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கும் மேல் ஏறிவிடும், மொட்டு உதிர அதுவே போதும். வழியில் சாப்பிட நிறுத்தினால் செடியை மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காட்டிலிருந்து பிடுங்கிய ஆர்க்கிட்டை யாராவது சாலையோரத்தில் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் மரத்துக்கு மரம் சிறிய ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வேர் அந்த மரப்பட்டையோடும், அங்குள்ள பாசியோடும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணத்தோடும் பின்னிக் கிடக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. தன்னிடம் சேமிப்பு எதுவும் இல்லாததால், அது காட்டில் முளைப்பதற்கே அந்தப் பூஞ்சணத்தின் உதவி வேண்டும். கிளையிலிருந்து பிடுங்கும்போது வேர் அறுந்துவிடும். அப்படி வந்த செடியைத் தாழ்நில வெப்பத்தில் மீட்பது மிகக் கடினம். உலகின் ஆர்க்கிட் இனங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. நம் நாட்டிலும் அதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஆர்க்கிட்டுக்கு ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, உள்தொட்டியை வெளியே எடுத்து, சாடியின் அடியைப் பாருங்கள். தண்ணீர் நின்றால் கொட்டிவிடுங்கள். இலை வாடியிருந்தால் ஊற்றுவதற்கு முன் வேரைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.